சத்தம் போடாத கார்

இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும். பேரனுக்குப் பள்ளி லீவு. மகன் நைட் ஷிப்டு முடித்து, ஏழரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். மருமகளுக்கு முதல் ஷிப்டு. விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டாள். நான் கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேரனுக்கு ஆறு வயது. தரையில் உட்கார்ந்து ஒரு பொம்மைக் காரை ஓட்டிக்கொண்டிருந்தான். உதட்டைக் குவித்து, கன்னத்தை உப்பி, கியர் மாற்றி, வளைவில் திருப்பி, எல்லாம் செய்தான். ஆனால் சத்தம் வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

"ஏண்டா, உன் வண்டி சத்தமே போடலியே?" என்று கேட்டேன்.

"சத்தம் உள்ளுக்குள்ளயே கேக்குது தாத்தா. அப்பா தூங்குறாருல்ல" என்றான்.

அன்றைக்கு அவனை யாரும் அதட்டவில்லை. அவனாகவே பழகிக்கொண்டுவிட்டான். "எவ்வளவு பொறுப்பான பிள்ளை" என்று என் மனைவி பெருமைப்பட்டாள். எனக்குப் பெருமையாக இல்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் இதே வட்டாரத்தில் இன்னொரு வீட்டின் உள் அறையில் பகலில் தூங்கியவன் நான். வெளியே சத்தம் போடாமல் விளையாடக் கற்றுக்கொண்டவன் இன்றைக்கு உள்ளே தூங்குகிற என் மகன்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதைச் சுற்றி உதிரிபாகம் செய்கிற கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்தன. அம்பத்தூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், கூடுதல் சம்பளம் என்று 1999ல் ஸ்ரீபெரும்புதூருக்கு மாறி வந்தேன். சிமென்ட் ஷீட் போட்ட இரண்டு அறை வாடகை வீடு. வாரம் ஒரு ஷிப்டு. நைட் ஷிப்டு வாரத்தில் என் மனைவி பகலில் குக்கர் வைக்கமாட்டாள், விசில் சத்தம் கேட்டு நான் எழுந்துவிடுவேன் என்று. "அப்பா தூங்குறாரு" என்பதுதான் எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்ட வாக்கியமாக இருந்திருக்கும்.

ஒருநாள் மதியம், பதினொரு வயது மகன் வெளிச் சுவரில் ரப்பர் பந்தை எறிந்து பிடித்து விளையாடிக்கொண்டிருந்தான். டொக், டொக் என்று தலைக்குள் அடிப்பதுபோல் இருந்தது. இரண்டு முறை குரல் கொடுத்தேன். மூன்றாம் முறை எழுந்து வந்து, கையில் கிடைத்த ஹேங்கரால் நாலு போடு போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பந்தைப் பிடுங்கிப் போய் அரிவாள்மணையில் வைத்து இரண்டாக அறுத்துப் போட்டேன்.

அவன் அழவில்லை. அதன் பிறகு வீட்டுப் பக்கத்தில் விளையாடவும் இல்லை. சொன்ன பேச்சு கேட்கிறான், அடி வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருடம்தான் தெரிந்தது, கணக்கில் இரண்டு பரீட்சை தவறிய மார்க் அட்டையில் என் கையெழுத்தை அவனே போட்டிருக்கிறான் என்று. பயம் வெளியிலிருந்து பார்த்தால் ஒழுக்கம் மாதிரியே இருக்கும். ஆனால் பயப்படுகிற பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது மறைப்பதைத்தான்.

இதைச் சொன்னால் என் வயதொத்த நண்பர்கள் உடனே கேட்பார்கள்: "நம்மள எல்லாம் அடிச்சுத்தானே வளர்த்தாங்க? நாம என்ன கெட்டா போயிட்டோம்?"

இந்தக் கேள்வியை நானும் வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. நம்மைக் காப்பாற்றியது அடி அல்ல. அடி வாங்கிவிட்டு ஓடிப்போய் நிற்க நமக்கு இடம் இருந்தது. அப்பா அடித்தால் பாட்டி மடி. பாட்டி இல்லையென்றால் அத்தை வீடு, எதிர்வீட்டுப் பெரியம்மா, கோயில் மண்டபம், களத்துமேடு. அங்கே எப்போதும் பத்துப் பிள்ளைகள் கோலியோ கிட்டிப்புள்ளோ ஆடிக்கொண்டிருப்பார்கள். அரை மணி நேரத்தில் அழுகையும் மறந்துபோகும், அடித்த அப்பாவின் மேலிருந்த கோபமும் மறந்துபோகும். அடி ஒரு பங்கு என்றால் ஆறுதல் பத்துப் பங்கு இருந்தது.

இன்றைக்கு ஒரகடத்திலோ மாம்பாக்கத்திலோ வாடகை லைன் வீட்டில் வளர்கிற பிள்ளையைப் பாருங்கள். பாட்டி திண்டிவனத்தில் இருக்கிறாள், அல்லது ஒடிசாவில். பக்கத்து வீட்டுக்காரர் ஆறு மாதத்தில் மாறிவிடுவார். அப்பா ஒரு ஷிப்டு, அம்மா ஒரு ஷிப்டு. அந்தப் பிள்ளைக்கு இருக்கிற பெரியவர்கள் இரண்டே பேர். அந்த இருவரில் ஒருவர் அடித்தால், அது ஓடிப்போய் ஒளிய மீதி இருப்பது செல்போன் மட்டும்தான். நாம் வாங்கிய அதே அடி இன்றைய பிள்ளைக்கு அதைவிடப் பெரிய அடி.

சட்டமும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. 2009ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ம் பிரிவு, பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனதைப் புண்படுத்தித் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. வாத்தியார் அடிக்கக்கூடாது என்றால் பெற்றவன் மட்டும் அடிக்கலாமா? ஸ்வீடன் 1979லேயே வீட்டிலும் அடிக்கக்கூடாது என்று சட்டம் போட்டது, உலகிலேயே முதலாவதாக. அமெரிக்காவின் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018ல், அடிப்பதும் கேவலமாகத் திட்டுவதும் வேண்டவே வேண்டாம் என்று பெற்றோருக்கு எடுத்துச் சொல்லச் சொன்னது. அதே சங்கம் அதே வருடம், விளையாட்டு பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு எவ்வளவு தேவை என்று தனியாக ஓர் அறிக்கையும் வெளியிட்டது. அடியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்கு எனக்கு இரண்டாவது அறிக்கையில்தான் பதில் கிடைத்தது.

கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். ஒரு பாகம் ரிஜெக்ட் ஆனால் மெஷினை ஓங்கி உதைப்பவன் அங்கே யாரும் கிடையாது. ஏன் பழுதானது, அது ஏன் நடந்தது, அதற்கு எது காரணம் என்று ஐந்து முறை 'ஏன்' கேட்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஜப்பான்காரன் டொயோட்டாவில் பழகிய முறை. இரும்புக்கு இவ்வளவு பொறுமை காட்டிய நான், வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் ஒரு 'ஏன்' கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஏன் சுவரில் பந்து எறிந்தான்? கூட விளையாட ஆள் இல்லை. ஏன் ஆள் இல்லை? புது ஊர். ஏன் தூரமாகப் போகவில்லை? லாரி ஓடுகிற ரோட்டைத் தாண்டக்கூடாது என்று நானே சொல்லியிருந்தேன். மூன்றாவது 'ஏன்' வரும்போதே குற்றவாளி யார் என்று தெரிந்துபோகிறது.

விளையாட்டு என்றால் நம் ஆட்களுக்குப் படிப்பு போக மிச்சமிருக்கிற நேரத்தில் செய்கிற காரியம். என் அனுபவத்தில் விளையாட்டும் படிப்புதான். பல்லாங்குழியில் எண்ணிக்கை இருக்கிறது. ஆடுபுலியில் யோசனை இருக்கிறது. தாயத்தில் கைக்கு எட்டியது வெட்டுப்பட்டுப் போனால் தாங்கிக்கொள்கிற பக்குவம் இருக்கிறது. ஏழாங்கல்லில் தோற்றவன் அடுத்த ஆட்டத்துக்கு எழுந்து நிற்கிறான். பெரியவர்கள் இல்லாமல் பிள்ளைகளே விதி போட்டு, சண்டை போட்டு, தாங்களே பஞ்சாயத்தும் பண்ணிக்கொள்கிறார்களே, அது எந்த டியூஷனில் கிடைக்கும்?

உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளில் 180 நிமிடமாவது உடம்பை அசைத்து ஓடியாட வேண்டும், திரை முன் உட்கார்வது ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் திரையே கூடாது. நம் வீடுகளில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாக இருக்கிறது. தாய் தகப்பனைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. எட்டு மணி நேரம் லைனில் நின்று, போக வர இரண்டு மணி நேரம் பஸ்ஸில் ஆடிவிட்டு வருகிறவளிடம் போய், பிள்ளையோடு ஓடிப் பிடித்து விளையாடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் இது வீட்டுக்குள் மட்டும் தீர்கிற விஷயம் இல்லை என்கிறேன். மூன்று காரியங்கள் எனக்குத் தோன்றுகின்றன.

முதலாவது, குழந்தைகள் காப்பகம். 1948ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே, 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 2017ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. நம் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்குவதற்கான பெரிய விடுதிக் கட்டடம் திறக்கப்பட்டது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே தங்குகிற பெண் இன்னும் நாலு வருடத்தில் கல்யாணமாகி, கையில் பிள்ளையோடு அதே வேலைக்கு வர நினைப்பாள். அங்கன்வாடி பகலில் மட்டும்தான். இரண்டாம் ஷிப்டு முடிந்து பஸ் வந்து சேர நள்ளிரவு ஆகிறது. படுக்க வைக்க ஒரு தொட்டிலும் பால் காய்ச்ச ஓர் ஆயாவும் இருந்தால் காப்பகம் ஆகிவிடாது. விளையாட இடமும், கூட உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க ஒரு மனுஷியும் வேண்டும். குழந்தை ஒரு சத்தம் போட்டால் நாம் ஒரு சத்தம் போட வேண்டும், அது சிரித்தால் நாம் சிரிக்க வேண்டும். மூளை வளர்வது இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் என்கிறார்கள். நம் பாட்டிமார் புத்தகம் படிக்காமலேயே செய்ததுதான் இது.

இரண்டாவது, இடம். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையின் இருபுறமும் எத்தனை மனைப்பிரிவுகள் போட்டிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. பிளானில் அது பச்சை வண்ணத்தில் 'பார்க்' என்று இருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் சீமைக்கருவேலம், உடைந்த பாட்டில், கட்டுமானக் கழிவு. எங்கள் மனைப்பிரிவிலும் அப்படித்தான் கிடந்தது. பதினைந்து வருடமாக அந்த வழியாகத்தான் காலையில் வாக்கிங் போனேன். ஒருநாளும் அது பிள்ளைகளின் இடம் என்று தோன்றியதில்லை.

போன வருடம் ஓய்வுபெற்றவர்கள் நான்கு பேர் சேர்ந்து அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்தில் மனு கொடுத்தோம். உடனே ஒன்றும் நடக்கவில்லை. ஜனவரி 26 கூட்டத்தில் மறுபடியும் கொடுத்தோம். முள்ளை வெட்டி, ஜேசிபி விட்டு ஒரு நாள் சமன் செய்து கொடுத்தார்கள். ஊஞ்சல், சறுக்குமரம் எதுவும் இல்லை. வெறும் மண் தரை. அது போதும் என்று தெரிந்துகொண்டேன்.

ஆனால் இடம் கிடைத்ததும் வேறு பிரச்சினை வந்தது. பெரிய பையன்கள் மொத்த இடத்தையும் கிரிக்கெட்டுக்குப் பிடித்துக்கொண்டார்கள். பெண் பிள்ளைகள் ஒருத்தரும் வரவில்லை. "இருட்டினா யார் மாமா பாத்துக்குவாங்க?" என்று ஒரு தாய் கேட்டார். அதற்குப் பதில் சொல்லத்தான் என் மனைவியும் இன்னும் மூன்று பாட்டிமாரும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார ஆரம்பித்தார்கள். உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். பத்து நாளில் பாண்டிக் கட்டம் தரையில் விழுந்துவிட்டது. ஆறு மணி வரை சின்னப் பிள்ளைகள், அதற்குப் பிறகு கிரிக்கெட் என்று பையன்களே ஒப்புக்கொண்டார்கள். லைன் வீடுகளிலிருந்து ஒடியா பேசுகிற பிள்ளைகள், இந்தி பேசுகிற பிள்ளைகள் எல்லாம் வருகிறார்கள். கண்ணாமூச்சிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பள்ளியில் வாயே திறக்காத ஒரு பீகார்ப் பையன் இங்கே தமிழில் சண்டை போடுகிறான். சண்டை போடும் அளவுக்கு ஒரு மொழி வந்துவிட்டால் பிறகு கவலை இல்லை.

மூன்றாவது, வீட்டுக்குள் நாம் செய்யக்கூடியது. எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் இப்போது ஒரு மாதத் தாள் ஒட்டியிருக்கிறது. அப்பாவுக்கு எந்த வாரம் எந்த ஷிப்டு என்று மஞ்சள், நீலம், கறுப்பு ஸ்டிக்கர். ஒட்டுவது பேரன் வேலை. எப்போது அப்பா தூங்குவார், எப்போது எழுந்திருப்பார் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிகிறது. நைட் ஷிப்டு வாரத்தில் காலையில் அவனை நான் மைதானத்துக்கு அழைத்துப் போய்விடுகிறேன். மதியம் மகன் எழுந்ததும், போனைக் கையில் எடுப்பதற்கு முன் பதினைந்து நிமிடம் பையனுக்கு. என்ன விளையாட்டு என்பதைப் பையன்தான் சொல்ல வேண்டும். இடையில் வாய்ப்பாடு கேட்கக்கூடாது.

இதை மகனிடம் எப்படிச் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு அவன் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பேரன் சொன்னதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, "நான் ஒரு தடவ உன் பந்த அறுத்துப் போட்டேன், ஞாபகம் இருக்காடா?" என்றேன்.

ஷூ லேஸ் கட்டிக்கொண்டே, "பச்சப் பந்துப்பா" என்றான்.

எனக்கு நிறம் மறந்துபோயிருந்தது. அவனுக்கு மறக்கவில்லை.

"நான் அவன அடிக்கிறதில்லப்பா. அதுல உறுதியா இருக்கேன். ஆனா உக்காந்து பேசறதும் இல்ல" என்றான்.

"நான் பண்ணது தப்புடா" என்றேன். இவ்வளவு வருடம் வாயில் வராத வார்த்தை. அவன் நிமிர்ந்து பார்த்தான். "விடுங்கப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் மதியம் எழுந்து வந்தவன் பையனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "எந்த வண்டிடா எனக்கு?" என்று கேட்டான்.

நம்மில் பலருக்குப் பிள்ளைகளை வளர்த்த விதத்தில் இப்படி ஒரு பந்து எங்கேயோ அறுபட்டுக் கிடக்கும். அதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆனால் பேரப்பிள்ளைகளின் காலம் இன்னும் நம் கையில் இருக்கிறது. பென்ஷன் குறைவாக இருக்கலாம், முட்டி வலிக்கலாம். நேரம் மட்டும் நம்மிடம்தான் இருக்கிறது, ஷிப்டுக்கு ஓடுகிறவர்களிடம் இல்லை. உங்கள் மனைப்பிரிவில் பூட்டிக் கிடக்கும் பச்சை இடம் எது என்று பிளானை எடுத்துப் பாருங்கள். அடுத்த கிராம சபையில் கேளுங்கள், நடக்காவிட்டால் அதற்கடுத்ததிலும் கேளுங்கள். இடம் கிடைத்ததும் நாற்காலி போட்டு உட்காருங்கள். விளையாட்டு சொல்லித்தர வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். இருந்தால் போதும்.

போகும்போது ஒரு தண்ணீர் பாட்டில் கூடுதலாக எடுத்துப் போங்கள். பிள்ளைகள் நம் பாட்டிலைத்தான் முதலில் காலி செய்கிறார்கள்.